கருவாட்டு வாடியில் யப்பானிய மொழி

சிங்களமும் அரபும் எனக்குத் திட்டு வாங்கியே வந்தவை. நீர்கொழும்புப் பக்கம் ஒரு தையல் ஆலையில் வேலை செய்தபோது மேற்பார்வைக்காரி கத்தக் கத்தச் சிங்களம் ஏறியது. குவைத்தில் ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த மூத்த அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்த காலத்தில் அரபு வந்தது. திட்டில் ஒரு வசதி இருக்கிறது. திட்டுகிறவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். கையால் பொருளையும் காட்டுவார். நாங்கள் சரியாகச் செய்யும்வரை விடமாட்டார். இதைவிட நல்ல பாடமுறையை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

யப்பானிய மொழியில்தான் சிக்கல் வந்தது. மன்னாரில் எங்கள் ஊரான ஓலைத்தொடுவாயில் என்னைத் திட்டுவதற்கு ஒரு யப்பான்காரரும் இல்லை.

குவைத்திலிருந்து திரும்பி வந்து தமையன் வீட்டில் இருந்தேன். தமையன், அவர் மனைவியான மச்சாள், அவர்களின் இரண்டு பிள்ளைகள், நான். பகலில் மச்சாளோடு கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை. ஓர் இடத்தில் இரண்டு மாரி இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கைப்பிள்ளையாக வள்ளத்தில் இராமேசுவரம் போனவள். அங்கே அகதி முகாமில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அன்று தொடங்கிய ஓட்டம். போகத்தான் போகிறேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் கேள்வி.

மன்னார் பட்டினத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கந்தோர் ஒன்றில் ஒரு தம்பி சொன்னார்: யப்பானில் முதியோர் இல்லங்களில் ஆள் தேவை. கிழமையில் ஓய்வு நாள் உண்டு, கடவுச்சீட்டு நம் கையிலேயே இருக்கும். முதலில் அடிப்படை மொழிச் சோதனையில் தேற வேண்டும். பிறகு காணொளி அழைப்பில் நேர்முகம். என் வயதைக் கேட்டதும் கொஞ்சம் முகம் சுளித்தார். வயதைப் பார்க்காமல் எடுக்கிற இல்லம் ஒன்றே ஒன்றுதான் அவர் கைவசம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் திரும்பவும் குவைத்தில் யாரோ ஒருவருடைய குசினி. கடவுச்சீட்டு அவர்களுடைய அலுமாரிக்குள். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்கத் தேவையில்லை.

அன்றே தொலைபேசியில் பாடம் தொடங்கினேன். இலவசமாகக் கற்பிக்கும் ஒரு யப்பானியப் பெண் அதில் வருவார். நான் எவ்வளவு பிழை விட்டாலும் அவர் சிரித்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது உதவவில்லை. பிழை விட்டால் யாராவது கரண்டியையாவது தட்டவேண்டும்.

எழுத்துகள் எதிர்பார்த்ததைவிட இலகுவாக வந்தன. பாதி எழுத்துகள் கடற்கரையில் கிடப்பவை போலத்தான் இருந்தன. 'ஷி' தூண்டில் முள். 'ட்சு' கரைக்கு வரும் அலை. 'ஹெ' கவிழ்த்துவைத்த வள்ளம். 'நு' வலையில் சிக்கி முறுகிக் கிடக்கும் நண்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமானைப் பிடித்துவைத்தேன். வசனமும் பயமுறுத்தவில்லை. அரபில் எல்லாம் தலைகீழாகக் கிடந்து என்னை வருத்தியது. யப்பான்காரர் எங்களைப்போலவே செய்கிற காரியத்தை வசனத்தின் கடைசியில்தான் வைக்கிறார்கள். மீனைச் சாப்பிடுகிறேன் என்பதைத் தமிழில் அடுக்குகிற வரிசையிலேயே அங்கேயும் அடுக்கலாம். தமிழ் வசனத்தை அப்படியே நிற்கவைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி, யப்பான் சொல்லை மாட்டினேன்.

சொற்கள்தான் தங்கவில்லை. கடதாசித் துண்டுகளில் எழுதி வீட்டுச் சாமான்களில் ஒட்டிப் பார்த்தேன். கதவில் கதவு, கதிரையில் கதிரை, வாளியில் வாளி. மன்னாரில் கழுதைகளைக் கணக்கில் எடுக்காமல் வெளியே எதையும் ஒட்டக்கூடாது. கதவையும் படலையையும் கிணற்றையும் ஒரே காலையில் ஒரு கழுதை தின்றுவிட்டது. மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கலைக்கேல்லையோடி?" என்று கேட்டேன்.

"ஏன் கலைக்கிறன்? உன்னைவிட அதுக்குக் கெதியா ஏறுது போல," என்றாள்.

வாடியில் படிக்கலாம் என்றால் கை ஒழியாது. கட்டா மீனை முதுகால் கீறி விரித்து, குடலை எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, பாயில் பரப்புகிற வேலை. புத்தகத்தைத் தொட்டால் புத்தகம் கருவாடாகிவிடும். சோற்றுப் பொதி கட்டும் லஞ்ச் சீற்றில் சுற்றிய தொலைபேசியை உப்புச் சாக்கின்மேல் வைத்து, பாடத்தை ஓடவிட்டுக்கொண்டு மீன் கீறினேன். காற்று அடிக்கும்போது ஒரு சொல்லும் கேட்காது.

வாடியில் நாங்கள் ஐந்தாறு பெண்கள். எல்லோரிலும் மூத்தவரை மாமி என்று கூப்பிடுவோம், யாருக்கும் உண்மையில் மாமி இல்லை. வேலை நீளும் நாள்களில் மாமி செபமாலை தொடங்குவார். ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பின்பாதியைச் சொல்வோம். பத்து முடிந்ததும் முன்சொல்வது அடுத்த ஆளுக்குப் போகும். மணி உருட்டக் கை இல்லை, மீன்தான் மணி. ஒருநாள் செபமாலை முடிந்து நான் மறுபடியும் தொலைபேசியைத் தட்டியபோது மச்சாள் சலித்துக்கொண்டாள்.

"உதை நிப்பாட்டடி. அவள் என்ன சொல்லுறாள் எண்டு எங்களுக்கும் விளங்கேல்ல, உனக்கும் விளங்கேல்ல. செபத்தைப்போல நீ முன்னுக்குச் சொல்லு, நாங்கள் பின்னுக்குச் சொல்லுறம். ஏறுதோ இல்லையோ எண்டு பாப்பம்."

விளையாட்டாகத் தொடங்கியதுதான். காலையில் வீட்டில் ஐந்து கேள்விகளையும் ஐந்து பதில்களையும் பாடமாக்கிக்கொண்டு போவேன். வாடியில் முதலில் நான் கேள்வியைச் சொல்ல அவர்கள் பதிலைச் சொல்வார்கள். பிறகு முறை மாறும். உங்கள் நாடு எது, குடும்பத்தில் எத்தனை பேர், எப்போது வர முடியும். எல்லாம் செபமாலை இராகத்தில். சில நாள்களில் மறந்துபோவது நின்றுவிட்டது. இரவில் படுத்தாலும் பதில்கள் தாமாக வாயில் வந்தன. யப்பானுக்குப் போகும் எண்ணம் ஒரு துளியும் இல்லாத மாமி, "கசொகு வா கோனின் தெசு" என்று எங்கள் வீட்டு ஐந்து பேரையும் தன் குடும்பம்போலச் சொல்லிக்கொண்டு உப்புத் தொட்டிக்கும் பாய்க்கும் நடப்பார்.

எண்ணிக்கைப் பாடம்தான் எல்லோருக்கும் பிடித்தது. யப்பான்காரர் உயிருள்ள மீனை ஒரு விதமாகவும், கீறி விரித்துத் தட்டையாகக் காயப்போட்ட மீனை வேறு விதமாகவும் எண்ணுகிறார்கள். நான் இதை அதிசயமாகச் சொன்னேன். மாமிக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

"பின்ன என்ன? கருவாட்டை மீன் எண்டு ஆர் எண்ணுவினம்? யப்பான்காரன் விளக்கமான ஆள்தான்."

எங்களோடு ஒரு முஸ்லிம் பெண்ணும் வேலை செய்தார். போரில் சிறுமியாக ஊரோடு விரட்டப்பட்டுப் புத்தளத்துக்குப் போய், பிள்ளைகள் பெற்றபின் திரும்பி வந்தவர். அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். செபமாலை நேரத்தில் அவர் எழுந்து போய்க் காயும் மீனைப் புரட்டிப் போடுவார். யப்பான் பாடம் தொடங்கிய பிறகு ஒருநாள் கத்தியோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"ஒங்கட செபத்துக்கு நான் வரமாட்டேன் புள்ள. யப்பானுக்கு வாறேன்," என்றார்.

சோதனை கொழும்பில், கணினியில். குளிரூட்டிய அறையில் காதில் ஒன்றை மாட்டிவிட்டார்கள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கற்றுத் தேர்ந்த பிள்ளைகள். நான் வாய்க்குள் இராகம் போட்டுக்கொண்டே விடைகளைத் தட்டினேன். பக்கத்துக் கதிரைப் பிள்ளை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது. முடிவு அங்கேயே திரையில் வந்தது. தேறிவிட்டேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய முதல் சோதனை அது. ஊருக்கு வந்ததும் வாடியில் பாற்சோறு காய்ச்சினார்கள். தேறியது யார் என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் காட்டியிருப்பாள்.

நேர்முகத்துக்குப் பட்டினத்துக் கந்தோருக்குப் போனேன். திரையில் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா வந்தார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பெயரைக் கேட்டார், சொன்னேன். நாட்டைக் கேட்டார், சொன்னேன். எல்லாம் எங்கள் வாடிக் கேள்விகள். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவர் "குடும்பத்தில்" என்று தொடங்கியதும் நான் ஐந்து பேர் என்றேன். அவர் கொஞ்சம் நின்றார். வேலையைப் பற்றி ஏதோ தொடங்கினார். எனக்கு முதியவர்களைப் பராமரிக்க மிகவும் விருப்பம் என்று பாடமாக்கிய வசனத்தைத் தடங்கலில்லாமல் சொன்னேன். இப்படியே போனது. ஒரு சொல்லுக்கும் நான் தடுமாறவில்லை. வெளியே வந்து தம்பியிடம், "நல்லாத்தான் போச்சுது," என்றேன். தமையன் வீட்டுக்கு ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி அழைத்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எடுக்கேல்லையாம்."

"ஏன் தம்பி? பாசை பிழையோ?"

"பாசை திறமாம். ஆனா நீங்கள் ஆக்கள் சொல்லுறதைக் கேக்கிறேல்லையாம். குடும்பத்தில ஆருக்கும் வருத்தம், ஆஸ்பத்திரி எண்டு செய்தி வந்தா என்ன செய்வீங்கள் எண்டு அந்த அம்மா கேக்க வந்தவவாம். நீங்கள் அஞ்சு பேர் எண்டீங்களாம். அங்க இருக்கிறது வயதுபோன சனம் அக்கா. ஒரு வசனம் சொல்லவே நேரம் எடுக்கும். நடுவில புகுந்து மறுமொழி சொன்னா அதுகள் பிறகு வாயே திறக்காதாம்."

இன்னொரு இடம் வந்தால் திரும்பப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா சொன்னதாகவும் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். குவைத்துக்கு எப்போது பதிவு செய்யலாம் என்றும் கேட்டுவைத்தேன்.

மறுநாள் வாடியில் வழக்கு நடந்தது. மாமிக்கு யப்பான்மேல் கோபம்.

"கேள்வி தெரியுந்தானே? தெரிஞ்ச கேள்வியை முடியுமட்டும் ஏன் பாத்துக்கொண்டிருக்க வேணும்? சுறுசுறுப்பான பிள்ளை எண்டெல்லோ எடுத்திருக்க வேணும்."

ராத்தா மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கோவிக்காதீங்க. நீங்க எல்லாருமே அப்பிடித்தான். முன்னுக்குச் சொல்றவவ முடிக்க விடுறீங்களா? நான் வந்த நாள்லேருந்து பாக்குறேன். அவவட வாயில பாதி இருக்கக்குள்ளயே நீங்க இழுத்துக்கிட்டு..."

"அப்பிடி ஒண்டும் இல்ல," என்றாள் மச்சாள். ராத்தா சொல்லி முடிக்குமுன்பே சொன்னாள்.

அன்று மத்தியானம் செபமாலை தொடங்கியபோது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பிறந்ததிலிருந்து சொல்லும் செபத்தை அன்றுதான் வெளியே நின்று கேட்டேன். முன்சொல்பவர் கடைசி இரண்டு சொற்களில் இருக்கும்போதே பின்சொல்பவர்கள் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் முடிக்குமுன் முன்சொல்பவர் அடுத்ததை எடுக்கிறார். இடையில் ஒரு மயிரிழை மௌனம் கிடையாது. கரைவலை இழுக்கிறவர்கள் ஒரு கை விடுமுன் மறு கையால் கயிற்றைப் பிடிப்பதுபோல. கேட்க அழகாகத்தான் இருந்தது. மாதாவுக்கு முதலே தெரிந்த செபம், முந்தினால் அவர் குறை நினைக்கப்போவதில்லை. ஆனால் நான் அந்த வழக்கத்தை அப்படியே யப்பானிய மொழிக்குள் கொண்டுபோய்விட்டேன். சொற்களை ஏற்றிய அதே முறை, கூடவே இதையும் ஏற்றிவிட்டது.

ராத்தாவின் பழக்கம் வேறு. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் குர்ஆன் ஓதப் போனபோது உஸ்தாத் ஒரு வரியைச் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள் அசையக்கூடாது. "முந்தினா பிரம்பு," என்றார் ராத்தா. எனக்கு மனம் குளிர்ந்தது. கடைசியில் திட்டக்கூடிய ஒருவர் அகப்பட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ராத்தாவே என்னிடம் கேள்வி கேட்டார். ஒரே கேள்வியை ஒருநாளும் ஒரே மாதிரி முடிக்கமாட்டார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று தொடங்கி, கருவாடு தின்பவர்கள் எத்தனை பேர் என்று முடிப்பார். தெரியாத சொல் வந்தால் நடுவில் தமிழைச் செருகுவார். கேள்வி முடிந்த பிறகு நான் ஒரு மீனை முழுவதும் கீறி விரித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். முந்தினால் ஈரத் துவாயால் முதுகில் ஒன்று விழும். முதல் கிழமை முதுகு நனைந்தே இருந்தது. பிரச்சினை நான் மட்டும் அல்ல. ராத்தா வாயைத் திறந்ததும் மற்றவர்கள் கூட்டமாகப் பதிலைக் கத்திவிடுவார்கள். அவர்களை வெயிலுக்குள் மீன் புரட்ட அனுப்பிவிட்டுத்தான் எனக்குப் பாடம் நடந்தது. அங்கே நின்றும் மாமி கத்துவார்.

காத்திருந்து பழகியதும் ஒன்றைக் கவனித்தேன். ஒரு மீன் கீறும் நேரத்தில் கேள்வி உள்ளே இறங்கி நிற்கிறது. பாடமாக்கிய பதில் வாயருகே வந்து, இது அந்தக் கேள்விக்கு இல்லை என்று தெரிந்ததும் தானாகத் திரும்பிப் போகிறது. பிறகு வருவது என் சொந்த வசனம். கோணலாக இருக்கும். ஆனால் கேட்டதற்குத்தான் இருக்கும்.

குவைத் பதிவுக்குப் படம்கூட எடுத்துவைத்திருந்தேன். அந்த நேரம் தம்பி அழைத்தார். இல்லத்தில் ஓர் இடம் வந்திருக்கிறது, அந்த அம்மா என்னையே கேட்டிருக்கிறார், கந்தோரில் இணைப்புச் சரியில்லாததால் வீட்டிலிருந்தே கதைக்கச் சொன்னார். இந்த முறை பிசகினால் அடுத்த முறை இல்லை என்றும் சொன்னார்.

தமையன் வீட்டு முன்னறையில் மேசையைச் சுவரோடு தள்ளி, தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்தேன். அறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் வாடி முழுவதும் நின்றது. வரவேண்டாம் என்று நான் சொல்லியும் பலனில்லை.

"சத்தம் போடமாட்டம். மூச்சும் விடமாட்டம்," என்றார் மாமி.

பொறுப்பாளர் அம்மா தலைகுனிந்து வணக்கம் சொன்னார். நான் அவர் தலையை நிமிர்த்தும்வரை பொறுத்து வணக்கம் சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய், சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து திரைமுன் நிறுத்தினார். தோளில் ஒரு சால்வை. அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"உங்கள்... கடல்..." என்று தொடங்கி நின்றார். தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார்.

எங்கள் கடல் மிகவும் அழகானது என்ற வசனம் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. மேசைக்குக் கீழே என் வலது கை இல்லாத மீனைக் கீறிக்கொண்டிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. மாமிதான். ராத்தா அவர் வாயைப் பொத்தியதாகப் பிறகு சொன்னார்கள். உப்புக் கை வேறு.

மூதாட்டி திரும்பினார். "...உங்கள் கடலில் கால் வைத்தால் குளிருமா?"

இன்னொரு மீன் கீறினேன். பிறகு சொன்னேன். "குளிராது. மணல்தான் சுடும். ஓடித்தான் தண்ணீருக்குப் போகவேண்டும்."

மூதாட்டி அதைக் கேட்டு, அவரும் ஒரு மீன் கீறும் நேரம் எடுத்து, சிரித்தார். சால்வைக்குக் கீழிருந்து காலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு சோடி கம்பளிக் காலுறை. நான் என் வெறுங்காலைத் தூக்கித் திரைக்குக் காட்டினேன். காலில் செதில் ஒட்டியிருந்தது. நேர்முகத்தில் செய்யக்கூடிய காரியமா என்று அப்போது யோசிக்கவில்லை.

பொறுப்பாளர் அம்மா குனிந்து முகத்தைத் திரைக்குள் கொண்டுவந்தார். "எப்போது வர முடியும்?" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அதனாலேயே பயம் பிடித்தது. கேள்வி முடிந்துவிட்டதா, இன்னும் ஏதாவது வருமா? ஒரு மீன் கீறினேன். நிச்சயமில்லை. இன்னொன்று கீறினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, படம் உறைந்துவிட்டதோ என்று திரையைத் தட்டினார்.

"இட்சு தெமோ தைஜோபு தெசு!"

எப்போதென்றாலும் சரி என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஐந்து பெண்கள் சேர்ந்து சொன்னார்கள், சுத்தமான செபமாலை இராகத்தில். ராத்தாவின் குரலும் அதில் இருந்தது. தள்ளுப்பட்டதில் திரைச்சீலை கம்பியோடு கழன்று விழுந்தது. பொறுப்பாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூதாட்டி, இத்தனை பேருமா வருகிறார்கள் என்று கேட்டார்.

"நான் மட்டும்தான்," என்றேன். இந்த ஒன்றுக்குக் காத்திருக்கவில்லை.

மறுநாள் கடவுச்சீட்டோடு கந்தோருக்கு வரச் சொல்லித் தம்பி அழைத்தார். தொலைபேசியை வைத்ததும் நான் மாமியிடம் சண்டைக்குப் போனேன். மாமி விழுந்த திரைச்சீலைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"பின்ன என்னடி செய்யிறது? அந்த மனிசி கேட்டுப்போட்டு நிக்குது, நீ முழிசிக்கொண்டு இருக்கிறாய். ஆராவது ஒராள் மறுமொழி சொல்லத்தானே வேணும்."